பந்தோடு பேசியவரை டெட்ராய்ட் ஏன் மறக்கவில்லை?

2009 ஏப்ரல் 13, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்பரோ என்றொரு சிற்றூர். தன் பண்ணையில் நிறுத்தியிருந்த பத்துச் சக்கர டிப்பர் லாரிக்கு அடியில் படுத்து ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுழன்றுகொண்டிருந்த தண்டில் அவர் உடுத்தியிருந்த துணி சிக்கியது. துணி இறுக, மூச்சு முட்டி அங்கேயே இறந்துபோனார். வயது 54. விசாரணையில் விபத்து என்றே முடிவானது.

சரளையும் தாரும் ஏற்றிப் பிழைத்த ஒரு லாரிக்காரரின் சாவு. ஊருக்குள் பத்து நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். ஆனால் அந்தச் செய்தியைக் கேட்டு ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் டெட்ராய்ட் நகரம் தன் வீட்டுப் பிள்ளை போய்விட்டதைப் போல அழுதது. லாரிக்காரரின் பெயர் மார்க் ஃபிட்ரிச். 33 வருடங்களுக்கு முன்பு, 1976ஆம் ஆண்டின் ஒரே ஒரு கோடைக்கு, அமெரிக்காவிலேயே எல்லோருக்கும் தெரிந்த பேஸ்பால் ஆட்டக்காரர் அவர்தான். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் பிட்சர். பட்டப்பெயர் 'தி பேர்ட்', பறவை.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இந்த அழுகை புரியாது. பேஸ்பால் என்பது எல்லாவற்றையும் எண்ணி எழுதிவைக்கும் விளையாட்டு. கிரிக்கெட் ரசிகர்களின் புள்ளிவிவர வெறியெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அந்தக் கணக்கேட்டில் ஃபிட்ரிச்சுக்கு உள்ள இடம் மிகச் சின்னது: ஐந்து பருவங்களில் மொத்தம் 58 ஆட்டங்கள், 29 வெற்றி, 19 தோல்வி. புகழ்மண்டபத்தில் அவருக்கு இடமில்லை. அவர் அணிந்த 20ஆம் எண் சட்டையை அணி ஓய்வுக்கு அனுப்பவும் இல்லை. அவருக்குப் பின் பலர் அதே எண்ணைப் போட்டு ஆடிவிட்டார்கள். டை காப், ஆல் கேலைன் என்று மலைபோன்ற பெயர்கள் உள்ள அணி அது. கேலைன் மட்டும் 22 பருவங்கள் அங்கேயே ஆடினார். அப்படிப்பட்ட ஊர் ஒரே ஒரு பருவம் ஜொலித்தவருக்காக ஏன் இத்தனை துக்கப்பட்டது?

இதற்குப் பதில் தேட 1976க்குப் போகவேண்டும். அதற்கும் முன், பிட்சர் என்பவர் யார் என்று இரண்டு வரி. அவரைப் பந்துவீச்சாளர் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிதான் சரி. கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் ஆள் மாறும். பேஸ்பாலில், அந்தக் காலத்தில், முதல் பந்து போட்டவரே முடிந்தவரை கடைசிவரை போடுவார். மைதானத்தின் நடுவில் ஒரு சிறிய மண்மேடு, மவுண்ட் என்பார்கள். அதன்மேல் தனியாக நிற்பார். அவர் கையைவிட்டுப் பந்து கிளம்பாமல் ஆட்டத்தில் எதுவுமே நடக்காது. ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் பத்து, இருபது விநாடி சும்மா நிற்கவேண்டும். முப்பதாயிரம் ஜோடிக் கண்கள் அந்த விநாடிகளில் அவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும். பெரும்பாலான பிட்சர்கள் அந்த நேரத்தில் கல்லுப்பிள்ளையார்போல முகத்தை வைத்துக்கொள்வார்கள். ஃபிட்ரிச்சின் கதை முழுவதும் அந்த இடைவெளி விநாடிகளில்தான் நடந்தது.

அவர் முதலில் மண்டியிட்டு மேட்டை இரண்டு கையாலும் நிரவுவார். முந்தைய பிட்சரின் கால் பதிந்த குழி ஒன்றுகூட இருக்கக்கூடாது. பிறகு பந்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார். பந்தோடு பேசுகிறார் என்று ஊரெல்லாம் சொன்னது. தனக்குத்தானே பேசிக்கொள்வதாக அவர் சொன்னார். சக வீரர் ஒரு நல்ல பந்தைப் பிடித்துவிட்டால் ஓடிப்போய்க் கைகுலுக்குவார். எதிரணி அடித்து ரன்னுக்கு வழிசெய்த பந்து திரும்பி வந்தால் நடுவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்வார். அவர் கணக்கில் அந்தப் பந்துக்குள் ஓர் அடி புகுந்துவிட்டது. பைக்குள் போய் மற்றப் பந்துகளோடு கொஞ்ச நேரம் இருந்தால் அது திருந்தி வரும். இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. உயரம், சுருட்டை மஞ்சள் முடி, தத்தித் தத்தி நடை. 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வரும் 'பிக் பேர்ட்' என்ற பெரிய மஞ்சள் பறவையை அது நினைவூட்டியதால், பெரிய அணிகளுக்கு ஆட்களைத் தயார்செய்யும் சிறு லீக்கில் ஆடும்போதே ஒரு பயிற்சியாளர் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

கோமாளித்தனம் என்று தள்ளிவிட முடியாதபடி ஆட்டமும் இருந்தது. இளம் வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் முறையில், 1974இல் டைகர்ஸ் அவரைப் பத்தாவது சுற்றில் எடுத்தார்கள். அந்தச் சுற்றுக்கு வரும் ஆட்களில் பெரும்பாலோர் பெரிய லீக்கின் வாசலைக்கூடப் பார்ப்பதில்லை. 1976 வசந்தகாலப் பயிற்சிக்கு அவர் வந்தது அணிப் பட்டியலில் இல்லாத அழைப்பாளியாக. மே 15 அன்று ஆடவேண்டிய ஜோ கோல்மனுக்குக் காய்ச்சல். 21 வயது ஃபிட்ரிச்சிடம் பந்தைக் கொடுத்தார் மேலாளர் ரால்ஃப் ஹவுக். பேஸ்பாலில் ஓர் ஆட்டம் சாதாரணமாக ஒன்பது இன்னிங்ஸ். முதல் ஆறு இன்னிங்ஸில் கிளீவ்லாந்து அணியால் ஓர் அடிகூட அடிக்க முடியவில்லை. மொத்த ஆட்டத்திலும் இரண்டே அடி. 2-1 என்று வெற்றி. அதன்பின் அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்களில் 11 இன்னிங்ஸ் வரை அவரே வீசி வென்றார். பருவம் முடியும்போது 19 வெற்றி, 9 தோல்வி. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்ட ரன்கள் 2.34, அந்த ஆண்டு யாரும் அதைவிடக் குறைவாக விடவில்லை. 29 ஆட்டங்களைத் தொடங்கி 24ஐ முடித்தார். அந்த 24 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம் விருது அவருக்கு. சிறந்த பிட்சருக்கான சை யங் விருதில் ஜிம் பாமருக்கு அடுத்த இடம்.

அன்றைய டைகர்ஸ் எப்படிப்பட்ட அணி என்றும் சொல்லவேண்டும். 1975இல் 57 வெற்றி, 102 தோல்வி. ஊரும் அதே கதியில் இருந்தது. 1967 கலவரத்தில் 43 பேர் இறந்திருந்தார்கள். வெள்ளையர்கள் புறநகர்களுக்குக் கிளம்பிவிட்டார்கள். எண்ணெய் விலை ஏறியதில் பெரிய கார்களின் விற்பனை விழுந்து ஆலைகளில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. பேஸ்பாலிலும் நிம்மதி இல்லை. அணிகள் ஆட்டக்காரர்களை ஆயுள் அடிமைபோலக் கட்டிவைத்திருந்த பழைய விதியை 1975 டிசம்பரில் ஒரு தீர்ப்பு உடைத்தது. 1976 மார்ச்சில் முதலாளிகள் பயிற்சி முகாம்களையே பூட்டி வைத்தார்கள். பத்திரிகைகளைத் திறந்தால் பணம், வழக்கு, ஒப்பந்தம். ஆட்டக்காரர்கள் நியாயத்தைத்தான் கேட்டார்கள் என்பது என் கட்சி. ஆனால் வேலை போன ஆலைத் தொழிலாளிக்கு அந்த நியாயம் காதில் ஏறியிருக்குமா?

அந்த நேரத்தில், ஆண்டுக்கு வெறும் 16,500 டாலருக்கு, இப்படி ஒரு பையன் வந்து மண்ணில் மண்டியிட்டான். சின்னக் கார், தொலைபேசி இல்லாத ஒரு சிறு வீடு. பேஸ்பால் இல்லாவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டால், ஊரில் பெட்ரோல் பங்கில் வேலை செய்துகொண்டிருப்பேன் என்றான். பையனுக்குச் சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள் என்று மிச்சிகன் சட்டமன்றத்தில் தீர்மானமே கொண்டுவந்தார்கள். உறுப்பினர்களுக்கு வேறு வேலை இல்லையா என்று தோன்றலாம், ஆனால் அதுதான் அந்தக் கோடையின் பைத்தியம்.

காசுக் கணக்கிலும் அது தெரிந்தது. 1976இல் டைகர்ஸ் மைதானத்துக்கு வந்தவர்கள் 14.67 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய 6 லட்சம் பேர் ஃபிட்ரிச் வீசிய 18 ஆட்டங்களுக்கு மட்டும் வந்தவர்கள். மற்ற நாட்களில் சராசரி 14,000ஐத் தொடவில்லை. அவர் வீசும் நாளில் 33,000ஐத் தாண்டியது. வெளியூர் அணிகளே எங்கள் ஊரிலும் அவரை இறக்குங்கள் என்று கேட்டன. மினசோட்டாவில் ஆட்டத்துக்கு முன்னால் மவுண்ட்மீது புறாக்களைப் பறக்கவிட்டுக் கேலி செய்தார்கள். அதற்கும் சீட்டு விற்றது.

உச்சம் ஜூன் 28. தேசம் முழுவதும் ஏபிசி தொலைக்காட்சியில் நேரலை. எதிரில் பட்டியலில் முதலிடத்தில் இருந்த நியூயார்க் யாங்கீஸ். மைதானத்தில் 47,855 பேர். ஒரு மணி 51 நிமிடத்தில் 5-1 என்று ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். ஆட்டம் முடிந்தது, கூட்டம் முடியவில்லை. 'பறவை வேண்டும்' என்று கத்திக்கொண்டு யாரும் நகரவில்லை. உள்ளே போன பையனைத் திரும்ப வெளியே அனுப்பவேண்டியதாயிற்று. நாடகம் முடிந்தபின் திரைக்கு முன்னால் வந்து வணங்கும் நடிகரைப் போல அவர் வெளியே வந்து தொப்பியை அசைத்தார். வாத்தியார் படம் வெளியான நாட்களில் மதுரைத் திரையரங்குகளில் நடந்ததையெல்லாம் கேட்டு வளர்ந்த நமக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. பேஸ்பாலுக்கு அன்று புதிது.

சென்ற தலைமுறை ரசிகர்களிடம் ஃபிட்ரிச்சைப் பற்றிக் கேட்டுப்பாருங்கள். வெற்றி எண்ணிக்கையைச் சொல்லமாட்டார்கள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார், மேல்தட்டில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது, பக்கத்தில் முன்பின் தெரியாதவர் என்னைத் தோளில் தூக்கிக் காட்டினார் என்கிற மாதிரிதான் சொல்வார்கள். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். ஏப்ரல் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை ஏறக்குறைய தினமும் ஒன்று. டெட்ராய்ட்டில் அதை வர்ணனையாளர் எர்னி ஹார்வெல்லின் குரல் வானொலியில் வீட்டுத் திண்ணைவரை கொண்டுவந்தது. ஆகவே பேஸ்பால் நினைவு என்பது திருவிழா நினைவைவிடச் சமையலறை நினைவுக்கு நெருக்கமானது. யாரோ ஒரு பழைய ஆட்டக்காரர் திடீரென்று இறந்தார் என்று செய்தி வந்ததும், அவர் விளையாடிய வருடத்தின் வீடு, அந்த வீட்டில் அப்போது உயிரோடிருந்தவர்கள், எல்லாம் எழுந்து வருகிறது. 2009இல் அழுதவர்களில் பலர் பாதி ஃபிட்ரிச்சுக்காகவும் பாதி அந்த அப்பாக்களுக்காகவும் அழுதார்கள் என்றே நினைக்கிறேன்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் எந்த ஆட்டக்காரருக்கும் பொருந்தும். ஃபிட்ரிச் விஷயத்தில் வேறொன்றும் உண்டு. அவருக்காக ரசிகர்கள் ஏற்கெனவே ஒருமுறை துக்கம் காத்திருந்தார்கள்.

1977 மார்ச், புளோரிடாவின் லேக்லாண்ட் பயிற்சி முகாம். வெளிக்களத்தில் விளையாட்டாகத் துள்ளிக் குதித்துப் பந்து பிடித்துக்கொண்டிருந்தவருக்கு இடது முழங்கால் குருத்தெலும்பு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை. மே மாதம் திரும்பி வந்தார், பழையபடி வென்றார். ஜூலை 4, பால்டிமோருக்கு எதிரான ஆட்டத்தின் நடுவில் கை செத்துப்போனது போல ஆகிவிட்டது. நம்மூரில் கண்பட்டுவிட்டது என்பார்கள். காலில் பட்ட அடியால் வீசும் முறை மாறி அது தோளைக் கெடுத்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. இன்னொரு விளக்கம் அந்த 24 என்ற எண். இன்று 30 அணிகளின் அத்தனை பிட்சர்களும் சேர்ந்து ஒரு பருவத்தில் முப்பது, முப்பத்தைந்து ஆட்டங்களைத்தான் முழுதாக முடிக்கிறார்கள். 21 வயதுப் பையன் ஒருவனே அன்று 24 முடித்தான், 250 இன்னிங்ஸ் வீசினான். ஹவுக்மீது பழிபோடுவது சுலபம். ஆனால் அந்தக் காலத்தில் எல்லா மேலாளரும் அதைத்தான் செய்தார்கள், பலருடைய தோள் தாங்கவும் செய்தது.

கொடுமை என்னவென்றால், என்ன ஆயிற்று என்றே யாருக்கும் தெரியவில்லை. தோளுக்குள் இருப்பதை வெளியிலிருந்து தெளிவாகப் பார்க்கும் கருவி அன்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. டாக்டர் மாறி டாக்டர், ஓய்வு, மறுபடி முயற்சி. 1978இல் 2 வெற்றி. 1979இல் ஒன்றுமில்லை. 1980இல் 2. பெரிய லீக்கில் கதை முடிந்தது. இத்தனைக்கும் 1977 மே மாதம் 'ரோலிங் ஸ்டோன்' இசைப் பத்திரிகை தன் அட்டையில் அவரைப் போட்டிருந்தது. அந்த அட்டையில் இடம்பெற்ற முதல் பேஸ்பால் வீரர் அவர்தான். அட்டை கடைக்கு வந்தபோது அவர் காயத்தில் இருந்தார்.

1982இல் பாஸ்டன் அணியின் கீழ்நிலைக் குழுவில் சேர்ந்து ரோட் ஐலண்டின் பாடக்கெட் நகரில் ஆடினார். சிறு லீக் ஆட்டம்தான். அதில் ஒரு நாள் அவர் வீச்சைப் பார்க்க 9,000 பேருக்குமேல் வந்தார்கள். யாங்கீஸ் கிளைக்குழுவை வென்றும் காட்டினார். ஒருவேளை, ஒருவேளை என்று ரசிகர்கள் காத்திருந்தார்கள். 1983இல் விட்டுவிட்டார். வயது 29ஐத் தாண்டவில்லை. இரண்டு வருடம் கழித்து, 1985இல், டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் தோளைத் திறந்து பார்த்தார். தோள்மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசைநாண்கள் கிழிந்துகிடந்தன. அவர் எட்டு வருடம் அதோடுதான் வாழ்ந்திருக்கிறார். வலியென்று சொன்னவரை, மனத்தில்தான் கோளாறு என்று சிலர் கிசுகிசுத்த எட்டு வருடம் அது.

டெட்ராய்ட்டின் முதல் துக்கம் இதுதான். ஆள் உயிரோடு இருக்கிறார், பறவை செத்துவிட்டது. 'அந்தக் கை மட்டும் இருந்திருந்தால்' என்று தொடங்கி முடிக்காமல் விடும் வாக்கியத்தை அந்த ஊரின் மதுக்கடைகள் முப்பது வருடம் கேட்டிருக்கின்றன.

லாரிக்காரர்

அதன்பின் அவர் என்ன ஆனார் என்பதில்தான் இந்தக் கதையின் கனம் இருக்கிறது. அப்படி உயரத்திலிருந்து விழுந்த ஆட்டக்காரர்கள் பலர் குடியில் விழுவதும், பழைய புகழை விற்றுப் பிழைப்பதும் நாம் பார்க்காததல்ல. ஃபிட்ரிச் பிறந்த ஊருக்குப் போனார். 107 ஏக்கர் பண்ணை. கல்யாணம், ஒரு மகள். ஒரு பத்துச் சக்கர லாரியை வைத்துக்கொண்டு சாலை வேலைகளுக்குச் சரளை அடித்தார். வாரக்கடைசியில் மாமியார் நடத்திய டைனரில் ஒத்தாசை செய்தார். நாட்டையே தன்னைப் பார்த்துக் கைதட்ட வைத்த ஒருவர் உணவுக்கடையில் முட்டை தின்கிறவர்களுக்குக் காப்பி ஊற்றுவதை நினைத்துப்பாருங்கள். பேட்டி கேட்டு வந்தவர்கள் கசப்பைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. இது நடிப்பாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. முப்பது வருடம் ஒருவர் ஒரே மாதிரி நடிக்க முடியாது.

பெட்ரோல் பங்கில் வேலை செய்வேன் என்று 1976இல் சொன்னதை ஊர் ஒரு வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டது. கிட்டத்தட்ட அதையே அவர் வாழ்ந்து காட்டிவிட்டார். ஆலையில் முறைவேலை பார்த்து, சம்பளத்தை எண்ணி, கார் போனட்டுக்கு அடியில் தலையை விட்டுச் சரிசெய்யும் ஆட்களின் நகரம் டெட்ராய்ட். தங்கள் கையால் செய்வது போன்ற ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தபோது, அதுவும் ஒரு வண்டிக்கு அடியில், அவர் இறந்தார் என்பது அந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் தகவலாக இருந்திருக்க முடியாது.

இறந்த நேரமும் சும்மா விடவில்லை. அந்த வாரமே பேஸ்பாலுக்கு ஆகாத வாரம். ஏப்ரல் 9 அன்று ஏஞ்சல்ஸ் அணியின் 22 வயது நிக் ஏடன்ஹார்ட், தன் அணிக்காக நன்றாக வீசிய சில மணி நேரத்தில், குடித்துவிட்டு ஓட்டிய ஒருவரின் வண்டி மோதி இறந்தார். ஃபிட்ரிச் இறந்த அதே ஏப்ரல் 13 அன்று பிலடெல்பியாவின் புகழ்பெற்ற வர்ணனையாளர் ஹாரி கலாஸ் ஒலிபரப்புக்குத் தயாராகும்போது சரிந்து இறந்தார். டெட்ராய்ட்டிலோ கார் கம்பெனிகளே செத்துக்கொண்டிருந்தன. கிரைஸ்லர் ஏப்ரல் 30இல் திவால் மனு கொடுத்தது, ஜெனரல் மோட்டார்ஸ் ஜூன் 1இல். நகரத்தின் இரண்டு நாளிதழ்களும் மார்ச் கடைசியில்தான் தினமும் வீட்டுக்கு வந்து போடுவதை நிறுத்தியிருந்தன. ஃபிட்ரிச் வீசிய பழைய டைகர் ஸ்டேடியத்தைப் புல்டோசர்கள் 2008 கோடையிலிருந்து இடித்துக்கொண்டிருந்தன. ஏப்ரலில் உள்களத்தைச் சுற்றிய ஒரு பகுதி மட்டும் நின்றுகொண்டிருந்தது. பிறகு அதையும் செப்டம்பருக்குள் எடுத்துவிட்டார்கள். 1976 கோடையின் எல்லாச் சாட்சிகளும் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்தக் கோடையே போய்விட்டது.

அப்போது டைகர்ஸ் மேலாளராக இருந்த ஜிம் லேலண்ட், ஃபிட்ரிச்சின் கை கெட்ட பிறகு எவான்ஸ்வில்லில் சிறு லீக் குழுவை நடத்தியவர். ஃபிட்ரிச் திரும்பி எழ முயன்ற நாட்களைக் கிட்ட இருந்து பார்த்தவர். புகழின் நாட்களை ஊரே பார்த்தது. மற்ற நாட்களைப் பார்த்த ஆட்கள் குறைவு.

யாரை நினைக்கிறோம் என்பதைப் பற்றி ஓர் இடறலான கேள்வியையும் கேட்டுவிட வேண்டும். அதே 1976இல் அதே அணியில் ரான் லஃப்ளோர் ஆடினார். டெட்ராய்ட்டின் சொந்தப் பிள்ளை, கறுப்பினத்தவர், ஜாக்சன் சிறையில் தண்டனையில் இருந்தபோது கண்டெடுக்கப்பட்டவர். அந்த வருடம் தொடர்ந்து 30 ஆட்டங்களில் அடித்தார். லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் நட்சத்திர ஆட்டத்துக்கு ஃபிட்ரிச்சோடு அவரும் தேர்வானார். அவர் பெயர் இன்று எத்தனை பேருக்கு உடனே வருகிறது? டைகர்ஸ் அணி கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டதே 1958இல். அன்றிருந்த 16 அணிகளில் கடைசிக்கு முந்தைய அணி. மைதானத்துக்கு வந்தவர்களில் கணிசமானோர் புறநகரிலிருந்து வந்த வெள்ளையர்கள். ஃபிட்ரிச்சைப் பற்றிய ஏக்கத்தில், நகரம் எங்களுடையதாக இருந்த காலம் என்ற ஏக்கமும் சிலருக்குக் கலந்திருந்தது. அதற்கு அந்தப் பையன் பொறுப்பல்ல. அவனுடைய மகிழ்ச்சியில் கள்ளம் இருந்ததில்லை. ஆனால் ஒரு நகரம் யாரைத் தன் பிள்ளையாக வரித்துக்கொள்கிறது என்பதில் ஆட்டத்திறமை மட்டும் வேலை செய்வதில்லை.

பேஸ்பாலுக்கென்று துக்கச் சடங்குகள் உண்டு. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிட மௌனம், அரைக்கம்பத்தில் கொடி, சட்டைக் கையில் கறுப்பு வட்டத்துக்குள் எண், பெரிய திரையில் பழைய காட்சிகள். ரசிகர்கள் பங்குக்கு வாயிலில் பூ, பழைய அட்டைப்படம், எழுதிவைத்த கடிதம். 2022இல் ஷேன் வார்ன் திடீரென்று போனபோது மெல்போர்னில் அவர் சிலைக்குக் கீழே ரசிகர்கள் பியரும் சிகரெட்டும் கறி அடைத்த 'பை' பலகாரமும் வைத்ததைப் படித்திருப்பீர்கள். படையல் யாருக்கோ அவருக்குப் பிடித்ததைத்தான் வைக்கவேண்டும் என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபிட்ரிச்சுக்கு எதை வைப்பது?

அதற்கு அவரே பத்து வருடம் முன்னால் ஒரு வழி காட்டியிருந்தார். 1999 செப்டம்பர் 27, டைகர் ஸ்டேடியத்தில் கடைசி ஆட்டம். ஆட்டம் முடிந்து பழைய வீரர்களைச் சீருடையோடு ஒவ்வொருவராக மைதானத்துக்குள் அழைத்தார்கள். முதல் ஆளாக ஓடி வந்தவர் 45 வயது ஃபிட்ரிச். கூட்டத்தைப் பார்த்துக் கையசைக்க நிற்கவில்லை. நேரே மவுண்டுக்கு ஓடி, மண்டியிட்டு, மண்ணை அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டார்.

2009 ஜூன் 19 அன்று புதிய மைதானமான கமெரிக்கா பார்க்கில் அவருடைய மனைவியையும் மகளையும் அணி அழைத்திருந்தது. மனைவி சம்பிரதாயமான முதல் பந்தை வீசினார். அதற்கு முன் மகள் மவுண்டில் மண்டியிட்டு இரண்டு கையாலும் மண்ணை நிரவினார். அந்தச் சைகைக்கு அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

பழைய மைதானத்தை முழுதாக இடித்த பிறகு, மிச்சிகன் நிழற்சாலையும் ட்ரம்புல் நிழற்சாலையும் சந்திக்கும் முனையில் களைமண்டிய வெற்றுநிலமும் ஒரு கொடிக்கம்பமும் மிஞ்சின. 2010 வசந்தத்தில் சில ரசிகர்கள் தங்கள் வீட்டுப் புல்வெட்டி இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பூட்டிய வேலிக்குள் நுழைந்து களையெடுத்தார்கள், மவுண்ட் இருந்த இடத்தில் மறுபடி மண்ணைக் கூட்டினார்கள். நகரத்துக்குச் சொந்தமான நிலம் என்று போலீஸ் துரத்தியதும் உண்டு. அடுத்த வாரம் திரும்பி வந்தார்கள். 1912இல் அந்த மைதானம் திறந்தபோது இருந்த பெயரை எடுத்து 'நேவின் ஃபீல்ட் கிரவுண்ட்ஸ் க்ரூ' என்று தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். சம்பளம் இல்லாத மைதானப் பணியாளர்கள். ஆறு வருடம் இப்படி நடந்தது. பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்த மேட்டில் நிற்கவைத்துப் பந்தெறியச் செய்தார்கள். எத்தனை பிள்ளைகள் மண்டியிட்டுப் பார்த்திருக்கும்!

பிறகு அங்கே சிறுவர் விளையாட்டரங்கம் கட்டும் திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் பராமரிப்புச் செலவை எண்ணி, செயற்கைப் புல் விரிப்பதென்று முடிவு செய்தார்கள். தன்னார்வலர்கள் எதிர்த்தார்கள், எடுபடவில்லை. 2018இல் புதிய அரங்கம் திறந்தபோது அவர்கள் அங்கே இல்லை. புல்வெட்டிகளை ஏற்றிக்கொண்டு, டெட்ராய்ட்டுக்குள்ளேயே தனித்தீவு போலிருக்கும் ஹாம்ட்ராம்க் என்ற குட்டி நகரத்துக்குப் போயிருந்தார்கள். 1930இல் கட்டிய ஒரு பழைய மைதானம் அங்கே இருக்கிறது. வெள்ளையர் லீக்கில் இடமில்லாத காலத்தில் டெட்ராய்ட் ஸ்டார்ஸ் என்ற கறுப்பர் அணி ஆடிய இடம். அங்கே நிரவுவதற்கு மண் இருக்கிறது.